தோட்டத்துக்கு ஒரு முதற்காட்சி பிறந்த கதை

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு படம் எந்த நாளில் வெளியாகும் என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானித்ததில்லை. சம்பள நாள்தான் தீர்மானித்தது. கொழும்பில் நூறு நாள் ஓடிய படமாக இருக்கட்டும், பதுளை டவுனுக்கே வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கட்டும், சம்பளம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறுதான் லயத்துக்காரருக்கு முதல் நாள். பேப்பரில் ‘இன்று முதல்’ என்று போடுவதெல்லாம் பேப்பர் வாங்குகிறவர்களுக்கு. தீபாவளி அட்வான்ஸ் விழுகிற மாதமென்றால் கேட்கவே வேண்டாம்.

அன்றைக்கு ஆயத்தம் விடியலிலேயே தொடங்கிவிடும். பீலிக்கரையில் குடம் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். கொழுந்து பறிக்கிற விரல்களில் ஏறிய கறுப்புக் கறை சவர்க்காரத்துக்கு மசியாது. எலுமிச்சந் தோலை நகக்கண்ணில் வைத்துத் தேய்க்க வேண்டும், எரியும், அப்படியும் பாதிதான் போகும். டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வரும் சேலையில் ரசகற்பூர வாசம். தலைக்கு மல்லிகை வேண்டுமென்றால் டவுனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதற்குப் பதில் லயத்துக் கோடியில் தானாகப் பூத்துக் கிடக்கும் டேலியா இருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி, தார் ரோட்டுக்கு வந்ததும் கானில் காலைக் கழுவி, விரலிடுக்கில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவது. இரண்டரை மணிக் காட்சி முடிந்தால் வெளிச்சத்தோடு மலை ஏறலாம். ஆறரை மணிக் காட்சி என்றால் கடைசி பஸ் போயிருக்கும், டோச் லைட்டை நம்பித்தான் நடை.

சினிமாவின் பகட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுக்குப் பகட்டென்றால் நட்சத்திரம் காரிலிருந்து இறங்குவது. சிவப்புக் கம்பளத்துக்கு நாள் நட்சத்திரம் குறித்துச் சொல்வார்கள்: 1922 ஒக்டோபர் 18. ஹொலிவூட்டில் சிட் கிரௌமன் என்ற படமாளிகைக்காரர் தமது ‘எகிப்தியன்’ தியேட்டரைத் திறந்துவைத்து, டக்ளஸ் ஃபெயார்பேங்க்ஸ் நடித்த ‘ரொபின் ஹூட்’ படத்தைக் காட்டிய இரவு அது. படத்தைவிடப் படம் பார்க்க வருகிறவர்களைப் பார்ப்பதுதான் பெரிய காட்சி என்பதைக் கிரௌமன் கண்டுகொண்டார். வானத்தில் ஒளிக்கற்றைகளைச் சுழலவிட்டார். தெருவில் நிற்கிறவனுக்கு டிக்கட் கிடையாது, ஆனால் வேடிக்கை உண்டு. ஐந்து ஆண்டு கழித்து 1927இல் ‘சைனீஸ்’ தியேட்டரைக் கட்டினார், அங்கே அது இன்னும் பெரிதாயிற்று. பிறகு உலகமெங்கும் அதே சமையல்தான். நம் பக்கத்தில் தாரை தப்பட்டை, கற்பூரம், படப்பெட்டி ஊர்வலம் என்று மசாலா மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஆனால் என் கதைக்கு வேண்டிய முதற்காட்சி ஹொலிவூட்டில் நடந்ததல்ல. அது 1939 டிசம்பர் 15ஆம் திகதி, அமெரிக்காவின் தெற்கே அட்லாண்டா நகரில் நடந்தது. படம் ‘கோன் வித் த விண்ட்’. ஒரு பருத்தித் தோட்டத்து முதலாளி வீட்டுப் பெண்ணின் கதை. தோட்டக் கதை என்பதால்தான் அதை இங்கே இழுக்கிறேன்.

அந்த ஆயத்தத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் கண்டவர்கள் குறைவு. மாநில ஆளுநர் விடுமுறை அறிவித்தார். மூன்று நாள் திருவிழா. ‘லோஸ் கிராண்ட்’ படமாளிகையின் முகப்பையே மூடி, வெள்ளைத் தூண்கள் நிறுத்திப் பழைய தோட்டத்துப் பங்களாவாக மாற்றினார்கள். படத்தின் நாயகன் கிளார்க் கேபிளும் நாயகி விவியன் லீயும் திறந்த காரில் வர, தெருவோரம் 3 லட்சம் பேர் நின்றதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் பரணில் கிடந்த பாட்டிமாரின் அகலப் பாவாடைகளைத் தட்டி எடுத்து உடுத்திக்கொண்டார்கள். முதல் நாள் இரவு நடந்த விருந்தில் பாட வந்தது ஒரு கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழு. அவர்களுக்கு அடிமை வேடம் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் நின்ற பத்து வயதுப் பையன் மார்ட்டின் லூதர் கிங்.

படத்தில் ‘மம்மி’ என்ற அடிமைத் தாதியாக நடித்த ஹட்டி மெக்டானியல் அட்லாண்டாவுக்கு வரவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை. அவர் வரமுடியாது என்றால் நானும் வரமாட்டேன் என்று கேபிள் முரண்டு பிடித்தார், மெக்டானியலே சமாதானம் செய்து அனுப்பிவைத்தார். இரண்டு மாதம் கழித்து அதே வேடத்துக்காக மெக்டானியலுக்கு ஒஸ்கார் கிடைத்தது. ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். தோட்டத்தைப் பற்றிய படம், தோட்டத்துப் பங்களா மாதிரி முகப்பு, தோட்டத்துப் பாட்டு. தோட்டத்தில் வேலை செய்த சனத்தின் வாரிசுகளுக்கு மட்டும் உள்ளே ஆசனம் இல்லை.

அட்லாண்டாவில் பாவாடைகள் மீண்டும் பரணுக்குப் போய் ஐந்து மாதத்தில் பதுளையில் வேறு மாதிரிக் கூட்டம் கூடியது. 1940 மே 12ஆம் திகதி, தடை உத்தரவை மீறி இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா பதுளையில் பேசினார். பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த நேரம் அது. தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள், துரை அந்தச் சபையைக் கலந்துகொண்டு நிர்வாகம் நடத்துவதாக ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. ஆயுதத்தோடு வந்த பொலிசாரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்துவிட்டார்கள் என்பது வரலாறு. பிறகு அந்த வேலைநிறுத்த அலை அடித்து நொறுக்கப்பட்டது, அதுவும் வரலாறு. ஹொலிவூட் கதாசிரியர் யாருடைய கையிலாவது இந்தச் சம்பவம் சிக்கியிருந்தால் மூன்று மணி நேரப் படத்துக்குப் போதும். சிக்கவில்லை.

ஆனால் ஹொலிவூட் இலங்கைத் தேயிலைக்கு வரத்தான் செய்தது. வந்தது யார் என்றால் அதே விவியன் லீ. 1953இல் பாரமவுண்ட் நிறுவனம் ‘எலிஃபன்ட் வோக்’ படத்தை எடுக்க அவரை இங்கே அழைத்து வந்தது. யானைகள் காலங்காலமாக நடந்த பாதையை மறித்துப் பங்களா கட்டிய ஒரு துரை வம்சம், அங்கே புது மனைவியாக வந்து சேரும் ஆங்கிலப் பெண், கொலரா நோய், கடைசியில் யானைக்கூட்டம் புகுந்து பங்களா தீப்பிடிப்பது என்று கதை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே விவியன் லீக்கு மனநோய் முற்றி, படத்தைவிட்டு விலக நேர்ந்தது. எலிசபெத் டெய்லர் அந்த இடத்துக்கு வந்தார். தூரத்தில் எடுத்த சில காட்சிகளில் இன்றும் தெரிவது விவியன் லீயின் உருவந்தான். 1954இல் படம் வெளிவந்தது. முன்னால் நின்ற நடிகை மாறியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பின்னால் கூடையோடு நின்ற சனத்தைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடங்களில் ஹாலி-எலவுக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு இருபது வயது நிரம்பிக்கொண்டிருந்தது. பெயர் சந்தனசாமி ஜோசப். 1934இல் பிறந்தவர், தோட்டத்திலேயே வளர்ந்தவர், பதுளையில் படித்தவர். பிறகு தெளிவத்தை என்ற தோட்டத்தில் ஆசிரியராகி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தமது பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். தெளிவத்தை ஜோசப் என்றால் இன்றைக்குத் தமிழ்ச் சிறுகதை படிக்கிற யாருக்கும் அறிமுகம் வேண்டியதில்லை. லயத்தின் உள்ளே எட்டடிக் காம்பிராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், யாருக்கு எந்த மூலை, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த கை. அந்தக் கைதான் பின்னால் ஒரு படத்துக்குக் கதை வசனம் எழுதப்போகிறது.

அதற்கு முன்னால் இங்கே தமிழ்ப் படம் எடுப்பதே கனவாக இருந்த காலம் ஒன்று உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’வை எடுத்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்த இடம் மதுரை. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் அதன் முதற்காட்சி. தமிழ்ப் படங்கள்தான் மதராஸிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றனவே, இங்கே வேறு எதற்கு என்று முதலாளிகள் இருந்துவிட்டார்கள். 35 மில்லிமீற்றரில் இலங்கையில் எடுத்த முதல் தமிழ்ப் படம் 1963இல்தான் வந்தது. பி. எஸ். கிருஷ்ணகுமார் இயக்கிய அதன் பெயர் ‘தோட்டக்காரி’. முதல் அடியே தேயிலைமேல்தான் விழுந்திருக்கிறது. மதராஸ் படங்களோடு தராசில் ஏற்றினால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். சவுக்கைச் சுழற்றுகிறபோது உள்ளூர் நாயகன் என்ன செய்துவிட முடியும்?

படப்பெட்டி என்றதும் ஒரு விஷயம். தகரப் பெட்டிக்குள் வட்ட வட்டமாகச் சுருள்கள். 35 மில்லிமீற்றர் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீரும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் பதினாறு சுருள். ஒப்பரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர், இரண்டிலும் கார்பன் குச்சிகள் எரியும். குச்சி தேயத் தேய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கவனம் பிசகினால் கதாநாயகி முகம் மஞ்சளடித்துப்போகும், கலரியிலிருந்து விசில் பறக்கும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறைந்தால் அடுத்த மெஷினை ஓடவிடு என்று அர்த்தம். பதுளை கொழும்பிலிருந்து ரயில் பாதையில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறி, தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் தடத்துக்கே கீழாக நுழைந்து இறங்குகிற பாதை அது. அத்தனை தூரத்துக்கு வருவதற்குள் ஒரு பிரதி எத்தனை ஊர் மெஷினில் கடிபட்டிருக்கும்! பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் படம் பார்த்தவர்களுக்கு எந்தப் பாட்டிலும் மழை பெய்யும். கதைப்படி பெய்கிற மழை எது, கீறல் மழை எது என்று பிரிக்கப் பழக்கம் வேண்டும்.

படத்தை முன்கூட்டிக் கொண்டுவந்து சேர்த்தது ரேடியோ. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை இல்லாவிட்டால் அந்தக் காலத்து முதற்காட்சியே இல்லை என்பேன். அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் ‘திரை விருந்து’ வந்தால் லயத்தில் ஒரு காம்பிராவில் ரேடியோ இருந்தால் போதும், பன்னிரண்டு காம்பிராவுக்கும் கேட்கும். மூச்சுவிடாமல் அடுக்குகிற அந்தக் குரலுக்கு நடுவே நாலு வரி வசனம், அரைப் பாட்டு, ஒரு அழுகை. மிச்சத்தை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பெண்கள் நிரப்பிக்கொள்வார்கள். படம் வந்து சேரும்போது பலருக்கும் வசனம் பாடம். கிரௌமனின் ஒளிக்கற்றைக்குச் செலவு அதிகம், எட்டுகிற தூரம் குறைவு. ராஜாவின் குரல் கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் எட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சனத்துக்கு இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தது சினிமா இல்லை. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றி, நாள்கணக்கில் ஒத்திகை பார்த்து, ரதியையும் மன்மதனையும் ஆடவிட்டு, விடிய விடிய பார்த்த சனம் அது. வேடக்காரனுக்கு அரிதாரம் பூசுவதைச் சுற்றி நின்று பார்ப்பதும், தப்புக்குத் தீ காட்டிச் சூடேற்றுவதும், கூத்துக்கு முன்னால் நடக்கிற கூத்து. படத்துக்குக் கிளம்புகிற பரபரப்பில் அந்தப் பழக்கத்தின் மிச்சம் இருந்தது. நடிகனைப் பார்க்க வாய்ப்பே இல்லாத ஊரில், பார்க்கப் போகிறவர்களே வேடம் கட்டிக்கொண்டார்கள்.

1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போனது. அந்நியச் செலாவணி இல்லை என்று இந்தியப் படங்களுக்குக் கட்டுப்பாடு. மதராஸ் பெட்டிகள் சுருங்க, உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு முதல் தடவையாக ஒரு சந்து திறந்தது. அந்தச் சந்தில் நுழைந்தவர்களில் ஒருவர் வி. பி. கணேசன். மலையகத் தொழிற்சங்கத் தலைவர். இன்றைய தலைமுறைக்கு அரசியல்வாதிகள் மனோ கணேசன், பிரபா கணேசன் ஆகியோரின் தந்தை என்றால் புரியும். அவரே தயாரித்து அவரே கதாநாயகனாக நடித்தார். எஸ். இராமநாதன் இயக்கினார். கதை வசனம் தெளிவத்தை ஜோசப். 1975இல் கறுப்பு வெள்ளையில் ‘புதிய காற்று’ வந்தது.

எந்த நேரத்தில் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. அரிசி இல்லை, மாவு இல்லை, லயங்களில் சாவு விழுந்துகொண்டிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புகிற வேலை ஒருபுறம். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, துரைமார் மாறினார்கள். கையில் ‘இந்தியன்’ என்று எழுதிய கடதாசியோடு, பிறந்த மண்ணைவிட்டு எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று காத்திருந்த சனத்துக்கு, திரையில் ஒரு லயம் தெரிந்தால் எப்படி இருந்திருக்கும்? செட் போட்ட குடிசை கிடையாது. கம்பளியைத் தலையில் போட்டுக் கூடை மாட்டுகிற அந்த முறை அவர்களுடையது. பிரட்டுக்களமும் கங்காணியின் அதட்டலும் அவர்களுக்குத் தெரிந்தவை. அதுவரை பதினாறு சுருளும் வேறு யாரோ ஒருவருடைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் படம் எடுத்தால் விளம்பரத்துக்குத் தனி ஆள் எதற்கு? தோட்டத்துக்குத் தோட்டம் சந்தா கட்டுகிற சனம் இருக்கிறதே என்று கிண்டலாகச் சொல்லலாம். கிண்டலில் உண்மையும் உண்டு. நாயகனாகத் தலைவரே வருவது பிரசாரந்தான், எம்.ஜி.ஆர். போட்டுக் காட்டிய வழிதான். ஆனாலும் ‘புதிய காற்று’ பிரசாரத்தைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் ஜோசப் என்றே எனக்குப் படுகிறது. அவர் சிறுகதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவருடைய தொழிலாளி முழக்கம் போடமாட்டார். கடன் கேட்பார், பொய் சொல்வார், மகனைத் திட்டுவார், கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்ப்பதில் சண்டை போடுவார். அப்படிப்பட்ட மனிதர்களின் பேச்சைத் திரைக்கு வசனமாக எழுத ஊவாவில் பிறந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அட்லாண்டாவில் முகப்புக்குப் பங்களா கட்டினார்கள். இங்கே முகப்புக்கு வேலையே இல்லை. படமாளிகைக்கு உள்ளே கலரியில் இருந்தவர்களும் திரையில் இருந்தவர்களும் ஒரே சனம். மெக்டானியலுக்கு மறுக்கப்பட்ட ஆசனம் இங்கே விலை குறைந்த பலகையாகவாவது இருந்தது. பல்கனி டிக்கட் அப்போதும் டவுன்காரர்களுக்கும் தோட்டத்து உத்தியோகத்தர்களுக்குந்தான், அதையும் மறைக்க வேண்டாம். பெரிய கிளாக்கர் ஐயா குடும்பத்தோடு வந்து மேலே உட்காருவார், ஆபீசுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறவர்கள் கீழே. திரையில் கிளாக்கர் வருகிறபோது கீழேயிருந்து விசில் வந்தால், அது யாருக்கு என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலா போகும்?

அந்தச் சனத்தில் பலர் அடுத்தடுத்த வருடங்களில் இங்கே இல்லை. படப்பெட்டி வந்த அதே ரயில் பாதையில் பெட்டி படுக்கையோடு தலைமன்னாருக்குப் போனார்கள், அங்கிருந்து கப்பல். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத அழுகையைக் கேட்டு, அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வைத்தார்கள்.

கணேசன் மேலும் இரண்டு படம் எடுத்தார். 1978இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981இல் ‘நாடு போற்ற வாழ்க’. பெயர்களிலேயே எம்.ஜி.ஆர். வாடை வீசுகிறது, தேயிலை வாடை குறைந்துவிட்டது. 1978இல் சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடித்த இந்திய–இலங்கைக் கூட்டுப் படம் ‘பைலட் பிரேம்நாத்’ வந்தபோது சனம் அங்கேதான் போனது, குற்றம் சொல்ல முடியாது. 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது, அதற்குள் இருந்த நெகட்டிவ்களும் எரிந்தன. அதே ஜூலை 27ஆம் திகதி பதுளை டவுனும் எரிந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் இங்கே தமிழ்ப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசினவர்களே சொற்பம்.

ஜோசப் சினிமாவுக்கு வந்த வேகத்திலேயே கதைக்குத் திரும்பிவிட்டார். ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்புக்கு இலங்கை சாகித்திய விருது, 2013இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது, 2022 ஒக்டோபரில் மரணம். அஞ்சலிக் கட்டுரைகளில் ‘புதிய காற்று’ பெரும்பாலும் ஒரு வரியில் வந்துபோனது. நாவல்களின் பட்டியலுக்கும் விருதுகளின் பட்டியலுக்கும் நடுவே, ஒரு அடைப்புக்குறிக்குள்.